முழுப்பேரும் அரைப்பேரும்

தோட்டப்புறத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லோரும் அறிந்தது. மற்றையது நாட்கூலி. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தவளுக்கு முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். செக்றோலில் பெயர் விழுந்தால்தான் கூலி என்பதால் இரு பொருளும் ஒட்டிக்கொண்டன. பெயரும் பணமும் இவ்வளவு நெருங்கி வாழும் இன்னொரு தமிழை நான் அறியேன்.

இந்த நினைப்பைக் கிளறியவன் என்னிடம் படித்த ஒரு பையன். இப்போது ஹற்றனில் ஒரு கடையில் வேலை. கைத்தொலைபேசியில் கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் செயலி ஒன்றில் கணக்குத் திறக்க முயன்றிருக்கிறான். அடையாள அட்டையைப் படம் எடு, முகத்தைக் காட்டு, தலையை இடமும் வலமும் திருப்பு என்றெல்லாம் கேட்டு, எல்லாம் செய்த பின்னர் நிராகரித்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது.

"மூனு பேரும் நான்தான்னு ஒரு கடிதம் எழுதித் தாங்க சேர்" என்றான்.

என் கடிதத்தை அந்தச் செயலி படிக்கப்போவதில்லை. சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாணயம் பிறந்ததே பெயர் கேட்காத பணம் என்ற வாக்குறுதியோடுதான். 2008 அக்டோபர் 31இல் பிட்கொயின் பற்றிய கட்டுரையை வெளியிட்டவர் சதோஷி நகமோட்டோ என்று கையொப்பமிட்டார். அவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. வைத்திருப்பவருக்குப் பெயர் இல்லை. நீண்டதோர் எழுத்தெண் முகவரி மட்டுமே. ஆனால் கொடுக்கல் வாங்கல் அனைத்தும் உலகமே பார்க்கக்கூடிய ஒரு பேரேட்டில் பதிவாகின்றன. ஒரு முகவரிக்கு ஒரு தடவை பெயர் பொருந்திவிட்டால் அதன் பழைய கணக்கு முழுவதும் அம்பலமாகும். 2013இல் 'சில்க் ரோட்' என்ற கள்ளச் சந்தையை அமெரிக்க அரசு மூடியது. 2019இல் நிதிச் செயல் நடவடிக்கைச் செயலணி, அனுப்புபவர் பெறுபவர் விபரங்களைப் பரிமாற்ற நிறுவனங்களும் கொண்டுசெல்ல வேண்டும் என்றது. அதுவரை நாளொன்றுக்கு இரண்டு பிட்கொயின் வரை அடையாளம் கேளாமல் எடுக்கவிட்ட பைனான்ஸ் நிறுவனம், 2021 ஆகஸ்டில் எல்லோரிடமும் அடையாளம் கேட்கத் தொடங்கிற்று. 2023 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டொலருக்கு மேல் செலுத்த உடன்பட்டது.

நமது மலைகளில் இதற்கு மறுதலையான வரலாறு ஒன்று உண்டு. கங்காணி, தோட்டத்திடம் முற்பணம் வாங்கி ஆள் கட்டி வருவார். அந்தக் கடன் ஆட்களின் தலையில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுதான் 'துண்டு'. கங்காணி அதைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசினார். கூடுதல் முற்பணம் தந்த துரையிடம் ஆட்கள் போனார்கள். கடனும் கூடவே வளர்ந்து போயிற்று. கடதாசி கைமாறியது, அதில் அடகு கிடந்த மனிதர் கைமாறினர். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது.

அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தகர டிக்கட் வந்துவிட்டது. தென்னிந்தியாவிலிருந்து புறப்படும் கூலியாளுக்குத் தோட்டத்தின் குறியீடு பொறித்த தகர வில்லை. வழிச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆளின் பெயரை யாரும் கேட்க வேண்டியதில்லை, வில்லை போதும். பிட்கொயின்காரர் பெயரை மறைத்து எண்ணை விரும்பி எடுத்தார். எங்கள் பாட்டன்மார் மீது எண் மாட்டப்பட்டது.

பெயரை நிரூபிக்கும்படி அரசே கேட்ட காலமும் வந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை வெளியே நிறுத்தியது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. எட்டு இலட்சம் பேரளவில் விண்ணப்பங்களில் அடங்கியிருந்தனர். கிடைத்தது ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோருக்கே. லயத்துக் காம்பராவில் கடதாசியைப் பத்திரப்படுத்த அலுமாரியா இருந்தது? 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்தக் கதை இழுபட்டது.

நம்மவர் வியாபார உலகமோ வேறு. ஹவாலா என்பது மார்க்கச் சட்ட நூல்களில் கடனை ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு மாற்றுவதைக் குறிக்கும் சொல். இலங்கையில் அதன் நாட்டுப் பெயர் உண்டியல். தோஹாவில் ஒருவர் பணத்தைக் கொடுப்பார். எல்லை தாண்டி எந்த நோட்டும் வராது. இங்குள்ளவர் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். இதைப் பெயரற்ற பணம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அடையாள அட்டை கேளாதவர்தான், ஆனால் வாங்குபவரின் வாப்பாவையும் பாட்டனாரையும் அறிந்தவர்.

2006இன் 6ஆம் இலக்க நிதிசார் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடற் சட்டத்தின் பின் வங்கிகள் பத்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலை அறிவிக்க வேண்டியதாயிற்று. உண்டியல் நின்றபாடில்லை. டொலரின் உத்தியோகபூர்வ விலை ஏறத்தாழ 200 ரூபாவில் பிடித்து வைக்கப்பட்ட 2021இல் வெளியே அதைவிடக் கூடக் கிடைத்தது. வங்கிவழி வந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலர். 2022இல் 380 கோடிக்கும் கீழே. அந்த ஆண்டுதான் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றோம். என் மச்சான் அனுப்பிய பணமும் உண்டியலில்தான் வந்தது. மறைத்து எழுத என்ன இருக்கிறது?

ஆகவே அடையாளம் கேட்பதே தவறு என்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால் நிரூபிப்பதன் சுமை யார் மீது விழுகிறது என்று பாருங்கள். முப்பது வருடம் கொழுந்தெடுத்த அம்மா ஒருவர் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் போகும்போது, செக்றோலில் ஒரு பெயரும் அட்டையில் ஒரு பெயரும் இருந்தால் திரும்பி வருகிறார். எழுத்தைப் பிழையாக எழுதியவர் அந்த அம்மா அல்ல.

பையனின் சத்தியக் கடதாசி முடிந்துவிட்டதாம். செயலி மறுபடியும் முகத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறது. மத்திய வங்கி இந்த நாணயங்களின் ஆபத்தைப் பல தடவை எச்சரித்ததையும், வங்கி அட்டைகளால் அவற்றை வாங்கக்கூடாது என 2021இல் பணித்ததையும் அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். அந்தக் கடதாசியை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறான். அம்மாவின் சேமலாப நிதிக்கும் அப்படி ஒன்று முடிக்க வேண்டுமாம்.