'டேக் ஆஃப்': ஓர் ஆங்கிலத் தொடர்வினையின் வரலாறு

ஆங்கிலத்தில் 'டேக் ஆஃப்' என்னும் தொடர்வினை ஆடை களைதல், பிறரைப் போல நடித்துக் காட்டுதல், புறப்படுதல், வானூர்தி மேலெழுதல் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. இதன் முற்பகுதியாகிய 'டேக்' ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் மொழியிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் 'எடு' எனப் பொருள்பட்ட 'நிமன்' என்னும் வினையை நாளடைவில் வழக்கொழியச் செய்தது. பிற்பகுதியாகிய 'ஆஃப்', 'ஆவ்' என்னும் முன்னிடைச்சொல் அழுத்தம் பெற்று ஒலித்த வடிவமேயாகும்.

அகற்றுதலே இதன் தொன்மையான பொருள். 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், 'போலச் செய்தல்' என்னும் பொருளில் இத்தொடரை எடுத்துக்காட்டி, இத்தகைய தொடர்களே அயல்மொழியினர்க்குப் பேரிடர் விளைப்பன என்றார். 19ஆம் நூற்றாண்டில் தாண்டுவோர் தரையை விட்டெழுதலைக் குறித்த வழக்கு, 20ஆம் நூற்றாண்டில் வானூர்திக்கும் உரியதாயிற்று. 1956இல் பொருளியலறிஞர் ரோஸ்டோ, ஒரு நாட்டின் பொருளாதாரம் விரைந்து மேலெழும் கட்டத்திற்கு இதன் பெயர்வடிவையே சூட்டினார்.

உறுப்புச் சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பார்க்கு அகற்றுதல் ஒன்றே எளிதில் புலப்படும். ஏனையவற்றை வழக்கின் வரலாறே விளக்கும். ஆதலின் ஆங்கில-தமிழ் அகராதிகளில் தொடர்வினைகள், வினையின் கீழ் ஒடுங்காமல், தனிப்பதிவுகளாக இடம்பெறுதல் வேண்டும்.