சாவித்திரிபாயின் முதல் வகுப்பும் நம் முதல் வகுப்பும்

எங்கள் மாலை வகுப்பில் பாடம் நடத்த வந்த கல்லூரி மாணவி ஒருவர், முதல் நாள் தனியாக வகுப்பு எடுத்துவிட்டு வெளியே வந்து அழுதார். பத்துப் பக்கத்துக்குப் பாடக் குறிப்பு எழுதி வந்திருந்தார். நாற்பது நிமிடத்துக்குத் திட்டமிட்டது கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் பிள்ளைகள் அவரைப் பார்க்க, அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "எனக்கு இது வராதுக்கா" என்றார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். அவருக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்களில் ஒருவர்கூடச் சேரியிலிருந்து வந்தவர் இல்லை. அன்று அவரிடம் நாங்கள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1848. புனேயில் பிடே வாடா என்ற வீட்டில் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்குகிறது. ஆசிரியர் சாவித்திரிபாய் புலே. 1831இல் பிறந்தவர், அதாவது பதினேழு வயது. திருமணமாகி வந்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; கணவர் ஜோதிராவ்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அகமதுநகரில் அமெரிக்க மிஷனரி சிந்தியா ஃபரார் நடத்திய நிறுவனத்திலும், புனேயில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் பயிற்சி பெற்றார். நம் மாணவியைப் போலவே அவருக்கும் படிப்பது வேறு, கற்பிப்பது வேறு என்று பிரித்து வைத்துக்கொள்ளக் காலம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே மாமனார் வீட்டிலிருந்து இருவரும் வெளியேற வேண்டியதாயிற்று. இடம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக்.

அவர் மீது சாணியும் கல்லும் எறிந்ததையும், மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனதையும் ஒவ்வொரு ஜனவரி 3 அன்றும் மேடையில் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் தெருவோடு நின்றுவிடுகிறோம், வகுப்பறைக்குள் நுழைவதே இல்லை.

அந்த வகுப்பறைகளில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. புலே தம்பதியரின் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே எழுதிய கட்டுரை, 1855இல் 'ஞானோதயா' என்ற மராத்தி இதழில் வெளிவந்தது. மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றியது. வேதம் பார்ப்பனர்களுக்கு மட்டும்தான் சொந்தம் என்றால் எங்களுக்கு எந்த நூல், எந்த மதம் என்று கேட்கிறாள் அந்தச் சிறுமி. பேஷ்வா ஆட்சியில் தன் மக்களைக் கட்டடங்களின் அஸ்திவாரத்தில் புதைத்த கொடுமையையும் எழுதுகிறாள். வாய்ப்பாடு ஒப்பிக்க மட்டுமே பழக்கிய வகுப்பிலிருந்து இப்படி ஒரு கட்டுரை வராது. தன் தெருவையும் தன் பாட்டன் பட்ட பாட்டையும் எழுதலாம், அதுவும் பாடம்தான் என்று யாரோ அவளை நம்ப வைத்திருக்கிறார்கள்.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் அளித்த அறிக்கையையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய எல்லோரும் பார்ப்பனர்களாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, உழவர் குடும்பங்களிலிருந்து ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சொன்னார். தேவைப்பட்டால் கலப்பையையும் தச்சர் வாய்ச்சியையும் பிடிக்கத் தெரிந்தவர்கள், எளிய மக்களோடு ஒட்டிப் பழகக்கூடியவர்கள் வேண்டும் என்றார். பாடத்திட்டத்தில் கணக்கு, வரலாறு, இலக்கணத்தோடு விவசாயமும் உடல்நலமும் இருக்க வேண்டும் என்றும் கேட்டார். முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளிகளோடு மல்லுக்கட்டியவரின் பேச்சு அது. இன்று பி.எட். மாணவர்கள் கட்டம் போட்டு நிரப்பும் பாடக் குறிப்பேட்டில் இதற்கெல்லாம் எங்கே இடம்? (நாங்களும் அந்தக் கட்டங்களை நிரப்பியவர்கள்தான்.)

நம் மாணவி முக்தாவின் கட்டுரையைக் கேட்டு வாங்கிப் போனார். அடுத்த வாரம் நாலு வரிக் குறிப்போடு வந்தார். தண்ணீர் லாரி வராத நாளில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொன்னார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், ஊர்த் தெருக் குழாயில் தன் அம்மாவின் குடத்தை நகர்த்தி வைத்ததை எழுதியிருந்தான். அதை அவன் வாசித்து முடித்ததும் மற்ற பிள்ளைகள் ஆளாளுக்குப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அன்று வகுப்பு முடிய இரவு எட்டரை ஆகிவிட்டது.