ஆறு நாள் முன்னால் திறந்த சாலை

நான் படித்த பள்ளியில் பூகோளமும் பிரெஞ்சு மொழியில்தான். 'ரியா' என்று ஒரு வகைக் கடற்கரையைப் பற்றி முஸ்யே பாடம் நடத்தினார். மலைப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து, கரை முழுவதும் ரம்பப் பல் மாதிரி இருக்குமாம். அதற்குச் சரியான உதாரணம் ஜப்பானின் வடகிழக்கிலுள்ள சன்ரிக்கு கரை. பரீட்சைக்கு எழுதி, மறந்தும் போனேன். ஐம்பது வருடம் கழித்து அந்தப் பெயரைத் தொலைக்காட்சியில் கேட்டேன்.

அந்த அமைப்பில் இரண்டு கஷ்டங்கள். குடாக்கள் உள்ளே போகப் போகக் குறுகுவதால், சுனாமி வந்தால் தண்ணீர் மேலே மேலே எழும்பும். 1896-இல் சுமார் 22,000 பேரும், 1933-இல் சுமார் 3,000 பேரும் அப்படித்தான் போனார்கள். இரண்டாவது கஷ்டம் போக்குவரத்து. கரையோர ஊர்களை இணைத்தது 45-ஆம் எண் தேசியச் சாலை. வளைந்து வளைந்து, பல இடங்களில் கடலை ஒட்டியே போகும். கடல் பொங்கினால் ஊரோடு சாலையும் போய்விடும்.

ஆகவே செண்டாயிலிருந்து ஹச்சினோஹே வரை, கூடியவரை மேட்டு நிலத்தில் ஒரு விரைவுச் சாலை போடத் திட்டமிட்டார்கள். மொத்தம் 359 கிலோமீட்டர். 1980-களில் செண்டாய் பக்கம் ஒரு துண்டு திறந்தது. பிறகு இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். மீன்பிடி ஊர்கள், இளைஞர்கள் பட்டணம் போய்விட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓடும் என்று கணக்குப் பார்த்தால் செலவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. வருஷக்கணக்காகக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். இந்த மாதிரிக் கோப்பு மேஜைக்கு மேஜை எப்படி நகரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

2011 மார்ச் 5-ஆம் தேதி கமாயிஷி நகருக்கு அருகே ஒரு சிறு துண்டு திறக்கப்பட்டது. நீளம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆறாம் நாள், மார்ச் 11, சுனாமி. கடலோரத்துப் பள்ளிகள் இரண்டின் பிள்ளைகள், ஏறத்தாழ 570 பேர், மேடு தேடி ஓடித் தப்பினார்கள். கீழே பழைய சாலை தண்ணீரில். அவர்கள் ஏறி வந்து சேர்ந்தது இந்தப் புதுச் சாலையில். நடந்தும், வந்த லாரிகளில் ஏறியும் பத்திரமான இடத்துக்குப் போனார்கள்.

செண்டாய் பக்கத்தில் வேறொரு விரைவுச் சாலையின் கரைமேட்டில் ஏறி 230 பேர் அளவில் பிழைத்தார்கள். ஆபத்துக் காலத்தில் அந்த மேட்டில் ஏற வழி வேண்டும் என்று ஊர்க்காரர்கள் முன்பே கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருந்தார்கள். படிக்கட்டு கட்டியது சுனாமிக்குப் பிறகு.

அன்று உதவி அனுப்பிய விதமும் சொல்லத்தக்கது. உள்நாட்டில் வடக்கு தெற்காக ஓடும் நெடுஞ்சாலையைச் சீப்பின் முதுகாக வைத்துக்கொண்டு, கடலை நோக்கிப் பற்கள் போல 16 வழிகளில் இடிபாடுகளை அகற்றிக்கொண்டே போனார்கள். மறுநாளே 11 வழிகள் திறந்தன. மார்ச் 15-க்குள் 15. முழுச் சாலைகூட அல்ல, ஒரு வண்டி போகும் அகலம். அதுவே போதுமாயிருந்தது.

அந்த வருடம் முடிவதற்குள் மீதித் துண்டுகள் அனைத்துக்கும் பணம் ஒதுக்கி, 'மறுவாழ்வுச் சாலை' என்று பெயரும் வைத்தார்கள். 2021 மார்ச்சில் கெசென்னுமா குடாவைத் தாண்டும் 1,344 மீட்டர் பாலம் திறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 18-இல் கடைசித் துண்டும் முடிந்தது. செண்டாய் – ஹச்சினோஹே பயணத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம். பெரும்பகுதிக்குச் சுங்கமும் கிடையாது.

முப்பது வருடத்தில் நடக்காதது பத்து வருடத்தில் நடந்தது. இடையில் நாடு கொடுத்த விலை 18,000-க்கும் மேற்பட்ட உயிர்கள். சாலை முழுமையாகத் திறந்தபோது, எந்த ஊர்களுக்காகக் கேட்டார்களோ அங்கே ஜனம் இன்னும் குறைந்திருந்தது.

2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த நமக்கு இது விளங்கும். ஓடும் வண்டியை எண்ணலாம். ஏற மேடில்லாமல் நிற்கும் பிள்ளையை எந்தக் கணக்கில் எழுதுவது? நான் நிரப்பிய படிவங்கள் எதிலும் அதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை.