ஈயும் உண்ணியும் குதிரையும்

குதிரைக்குத் தமிழில் பெயர்கள் பல. பரி, புரவி, மா, இவுளி என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். அதன் குருதியைக் குடித்து வாழும் சிற்றுயிர்களுக்கு நம் பேச்சில் எஞ்சியிருப்பவை மிகச் சில: ஈ, கொசு, உண்ணி, தெள்ளு. வேந்தனின் புரவியைப் பாடிய புலவர் அதன் காதுமடலில் ஒட்டியிருந்த உண்ணியைப் பாடவில்லை. அதனைப் பிடுங்கி எறிந்த குதிரைக்காரனோ எதையும் எழுதிவைக்கவில்லை. அவனுடைய அறிவு என்னவாயிற்று என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். உண் என்னும் வினையடியோடு இகர விகுதி சேர்ந்து உண்ணி ஆயிற்று. உண்பது என்பது பொருள். அதனை விரட்ட எழுந்த ஈயோட்டி, பூச்சிக்கொல்லி ஆகிய சொற்களும் இதே வாய்பாட்டில் அமைந்தவை. பிற உயிரைச் சார்ந்து உண்டு வாழும் அனைத்தையும் இன்றைய அறிவியல் தமிழ் ஒட்டுண்ணி என்கிறது. மாட்டுத் தொழுவத்திலும் குதிரை லாயத்திலும் புழங்கிய சொல் ஆய்வுக்கூடம் வரை சென்றுவிட்டது. பிடரிமயிரின் அடி, காதின் உட்புறம், தொடையிடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களையே உண்ணி நாடும். நாள்தோறும் குதிரையைத் தேய்த்து வாரிவிடுவது அழகுக்காக மட்டும் அன்று. கண்ணுக்குப் படாததைக் கை கண்டறியும்.

குதிரை தமிழகத்தின் உள்நாட்டு விலங்கு அன்று. கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கிறது. பிற்காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சுவதில்லை என்றும் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் தரும் கணக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார். போலோவின் எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆயினும் இறப்பு மிகுதி என்பதில் இருவரும் ஒத்துப்போகின்றனர். குதிரை வைத்தியர் இல்லாமையும் முறையற்ற தீனியுமே போலோ காட்டும் காரணங்கள். வெப்ப நாட்டு ஈக்களையும் அவை பரப்பும் நோய்களையும் அறிந்த நமக்கு அந்தப் பட்டியல் நிறைவு பெற்றதாகத் தோன்றவில்லை.

அதில் விடுபட்டது எத்தகையது என்பதை 1880இல் சிந்து ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தேரா இசுமாயில் கானில் நடந்த ஆய்வு காட்டுகிறது. அங்கே குதிரைகளும் ஒட்டகங்களும் காய்ச்சல் கண்டு, மெலிந்து, கால் வீங்கி மடிந்தன. மக்கள் அந்நோயைச் சுர்ரா என்றனர். அச்சொல் மூச்சிரைப்பின் ஒலியிலிருந்து வந்தது என்பாரும், அழுகுதல் என்னும் பொருளது என்பாரும் உளர். ஆராய அனுப்பப்பட்ட கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்சு, நோயுற்ற குதிரையின் குருதியை நுண்ணோக்கியில் வைத்தபோது அதில் நெளிந்தோடும் நுண்ணுயிரைக் கண்டார். அக்குருதியை நலமான விலங்குகளுக்குச் செலுத்தினார், அவையும் நோயுற்றன. பெரிய ஈக்களின் கடியே காரணம் என்று அவ்வட்டார மக்கள் நம்பியதையும் அவர் குறித்துவைத்தார். அவர்களின் சொல்லைப் புறந்தள்ளாமல் எழுதியதே அவருடைய பெருமை என்போம்.

மேலிடத்து அறிஞர்கள் ஏற்கவில்லை. எலியின் குருதியிலும் இத்தகைய உயிர்கள் தீங்கின்றி வாழ்கின்றனவே என்பது அவர்களின் வாதம். 1901இல் லெனர்டு ரோசர்சு என்னும் மருத்துவர், குதிரை ஈ நோயுற்ற விலங்கிலிருந்து நலமான விலங்குக்கு அந்த நுண்ணுயிரைக் கொண்டுசெல்வதைச் சோதனையால் மெய்ப்பித்தார். அந்நுண்ணுயிர் இன்று எவன்சின் பெயரையே தாங்குகிறது. அவர் நூறு வயது வாழ்ந்து 1935இல் மறைந்தார். ஈயைச் சுட்டிக்காட்டியவர்களின் பெயரோ எங்கும் இல்லை.

ஈ செய்வது எளிய வேலை. பெண் ஈ தோலைக் கத்திபோல் அறுத்து, ஊறும் குருதியை நக்கும். வலி தாளாமல் குதிரை உதறும். ஈ எழுந்து அடுத்த குதிரையில் அமர்ந்து மீதி உணவை முடிக்கும். வாயில் காயாத குருதி இருந்தால் போதும், நோய் கடந்துவிடும். எனவே நோயுற்றதைத் தொலைவில் கட்டுதல், நிழலும் இருளும் கொண்ட கொட்டிலில் நிறுத்துதல் ஆகியவை பொருளுடையவை. சாணமும் ஈர வைக்கோலும் லாயத்து ஈயின் பிறப்பிடம் ஆதலால், அவற்றை அன்றாடம் அகற்றுவதும் காவலே. நம் நாட்டார் தொழுவத்தில் மூட்டிய வேப்பிலைப் புகையும் இவ்வகையில் சேரும். குதிரைக்கு இயற்கை தந்த காவல் அதன் வால். அழகு கருதி வாலை ஒட்ட நறுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தது; 1949இல்தான் சட்டம் அதனைத் தடுத்தது. ஈயோட்டியை ஒடித்துவிட்டு ஈயைப் பழித்திருக்கிறார்கள்!

நம் அண்டை நாட்டுக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தில், தென்கிழக்காசியா அதுவரை அறியாத ஆப்பிரிக்கக் குதிரைநோய் பரவி ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது. பரப்பியது ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள கடிக்கும் பூச்சி. அந்தி முதல் விடியல் வரை அது மிகுதியாகத் திரியும். குதிரை வளர்ப்போர் லாயங்களை முழுவதுமாக நுண்கண் வலையால் மூடினர். இங்குத்தான் மொழிக்கு வேலை வருகிறது. அப்பூச்சிக்குத் தமிழில் தனிப்பெயர் வழக்கில் இல்லாமையால் அதனையும் கொசு என்றே எழுதிவிடுகிறோம். கொசு என்று படித்தவர் கொசுவலையைத் தேடுவார். சாதாரணக் கொசுவலையின் கண்ணிலோ அப்பூச்சி நுழைந்துவிடும். நுளம்பு என்னும் பழஞ்சொல்லைத் தரலாம் என்றால், இலங்கைத் தமிழர் கொசுவையே அவ்வாறு அழைக்கின்றனர். கொசுவின் பழைய வடிவமாகிய கொதுகை மீட்டு, நுண்கொதுகு எனலாம் என்பது நம் பரிந்துரை. இதனினும் பொருத்தமான சொல் கால்நடை வளர்ப்போரின் வாயில் வழங்குமாயின், நம் ஆக்கத்தைக் கைவிட்டு அதனையே கலைச்சொற் பட்டியலில் சேர்க்க வேண்டும்.