ஸ்பிரிங் சட்டகத்தில் தரவுத்தள அமைவாக்கம்

ஜாவா மொழிக்கான ஸ்பிரிங் சட்டகத்தில், தரவுத்தளத்தோடு பேசும் பொருள்களை உருவாக்கி ஒன்றோடொன்று இணைக்கும் பொறுப்பைக் கொள்கலனிடம் விடும் முறை. ராட் ஜான்சன் 2002-இல் வெளியிட்ட நூலின் நிரல்களிலிருந்து வளர்ந்த இச்சட்டகத்தின் 1.0 பதிப்பு 2004-இல் வந்தது.

அமைவுக்கு அடிப்படை மூன்று பொருள்கள். டேட்டாசோர்ஸ் இணைப்புகளைத் தருகிறது. என்டிட்டி மேனேஜர் ஃபேக்டரி, ஹைபர்னேட் போன்ற கருவியைக் கொண்டு வகுப்புகளை அட்டவணைகளோடு பொருத்துகிறது. டிரான்சாக்‌ஷன் மேனேஜர் பரிவர்த்தனைகளைத் தொடங்கி, உறுதிசெய்து அல்லது பின்வாங்கி முடிக்கிறது. தொடக்கத்தில் இவற்றை எக்ஸ்எம்எல் கோப்புகளில் எழுதினர்; 3.0 பதிப்பு முதல் ஜாவா வகுப்புகளிலேயே எழுதலாம். 2014-இல் வந்த ஸ்பிரிங் பூட், தரவுத்தள முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றோடு உரிய நூலகங்களும் இருந்தால் மீதியைத் தானே அமைத்துக்கொள்கிறது. அதன் 2.0 பதிப்பிலிருந்து இணைப்புகளைச் சேமித்து வைப்பது ஹிக்காரி. வேறு அளவு குறிக்காவிட்டால் உச்சவரம்பு 10 இணைப்புகள்.

பலரும் இடறுவது பரிவர்த்தனையில்தான். டிரான்சாக்‌ஷனல் என்ற குறிப்பு, இயல்பான அமைவில், கொள்கலன் நடுவே நிறுத்தும் பதிலிப் பொருளின் வழியே செயல்படுகிறது. ஒரு வகுப்பின் செயல்முறை அதே வகுப்பின் இன்னொரு செயல்முறையை நேரடியாக அழைத்தால் பதிலி தவிர்க்கப்படுகிறது. குறிப்பு இருந்தும் புதிய பரிவர்த்தனை தொடங்காது, பிழைச்செய்தியும் வராது. கையாண்டே தீர வேண்டிய வகை விதிவிலக்குகள் எழும்போது பரிவர்த்தனை பின்வாங்கப்படுவதில்லை என்பதும் நினைவில் இருக்கவேண்டும். பின்வாங்கவேண்டுமெனில் அதைத் தனியே குறிப்பிட வேண்டும்.

அட்டவணைகளை ஹைபர்னேட் தானே மாற்றியமைக்கும் வசதி சோதனைக்கு மட்டுமே உகந்தது. பயன்பாட்டிலுள்ள தரவுத்தளத்தில் அதை அணைத்துவிட்டு, ஃப்ளைவே, லிக்விபேஸ் போன்ற கருவிகளிடம் அப்பணியை ஒப்படைப்பதே சரி.