பனையிலிருந்து விழுந்தவர்கள்

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் வர்ம ஆசான்மாருக்குப் பிழைப்புத் தந்தது பனைதான் என்று நான் சொன்னால் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கோபம் வரும். களரி, அடிமுறை, அகத்தியர் என்று அவர்கள் தொடங்குவார்கள். திண்ணைக்கு யார் வந்தார்கள் என்று பார்த்தவள் நான். அக்கானி என்கிற பதநீர் இறக்கும் காலத்தில் பனையேறி காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். ஒரு நாள் பிடி வழுக்கினால் கட்டிலோடு தூக்கிவருவார்கள். பக்கவாதக்காரர்களும் வருவார்கள், ஆசானான என் அப்பாவின் கை பழகியதென்னவோ விழுந்தவர்கள் மேல்தான்.

அடிபட்டால் ஆளைச் சாய்க்கும் இடம்தான் வர்மம். மொத்தம் 108: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. நினைவு தப்பியவனை எழுப்ப அடங்கல் என்கிற இடங்களைப் பிடிப்பார்கள். சுக்கை மென்று காதில் ஊதுவார்கள். எந்த வர்மத்துக்கு எத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்று ஓலையில் கணக்கு உண்டு. நாழிகை என்பது 24 நிமிடம். கணக்கு தாண்டிவிட்டால் அப்பா கை வைக்க மாட்டார். ஆள் பிழைத்துவிட்டால் தடவல், கஷாயம், காயத்திருமேனி எண்ணெய் என்று மாதக்கணக்கில் போகும். சீடன் பல வருஷம் காத்துக் கிடந்தால்தான் ஓலை கைக்கு வரும். மகளுக்கு வரவே வராது. எண்ணெயின் மெழுகு பதம், மணல் பதம் மட்டும் எனக்குக் கிடைத்தது. நான் லேப் டெக்னீஷியன் வேலைக்குப் போனேன்.

இத்தனைக்கும் இங்கே இங்கிலீஷ் வைத்தியம் நேற்று வந்ததல்ல. லண்டன் மிஷன் டாக்டர் ராம்சே 1838-இலேயே நெய்யூரில் வைத்தியம் தொடங்கிவிட்டார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் அதே நெய்யூரில் வருஷக்கணக்கில் கத்தி பிடித்தார். சனங்கள் இரண்டு வாசலையும் மிதித்தார்கள். ஆஸ்பத்திரி தையல் போட்டு அனுப்பும். அதற்குப் பிறகுள்ள மாதங்கள் ஆசானுக்கு.

அந்த மாதங்களில்தான் ஒரு புதிர் இருந்தது. கை கால் திரும்பும், பேச்சு திரும்பும், ஆள் மட்டும் தேறமாட்டான். எப்போதும் சோர்வு, குளிர் தாங்காமை, பெண்டாட்டி பக்கம் நாட்டமின்மை. "உள்ளே வர்மம் கிடக்கு" என்பார் அப்பா; மறுபடி எண்ணெய். மூளைக்கு அடியில் மெல்லிய காம்பில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி மண்டையில் அடிபட்டால் கெட்டுப்போகலாம் என்பதை 1918-இலேயே ஒரு ஜெர்மன் மருத்துவர் எழுதியிருக்கிறார். அது கெட்டால் கார்ட்டிசால், தைராய்டு, ஆண்மைச் சுரப்பு, வளர்ச்சிச் சுரப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் குறையலாம். பக்கவாதத்துக்குப் பிறகும் சிலருக்கு இது உண்டு. அப்பா பார்த்த சோர்வெல்லாம் இதுதான் என்று நான் சொல்லவில்லை; ரத்தம் எடுத்துப் பார்த்தவர் யார்? ஆனால் அவர் ஏதோ ஒன்றைச் சரியாகக் கவனித்திருந்தார். பெயர்தான் வேறு.

குறைந்த ஹார்மோனை ஈடுகட்டுவது வேறு, அடிபட்ட எல்லாருக்கும் ஹார்மோன் கொடுப்பது வேறு. இரண்டாவதையும் அமெரிக்கர்கள் முயன்று பார்த்தார்கள். பெண் எலிகள் மண்டையடியிலிருந்து நன்றாகத் தேறுவதைக் கண்ட டொனால்ட் ஸ்டைன், புரோஜெஸ்டரோனைக் கையில் எடுத்தார். எலியில் பலித்தது, சிறிய சோதனைகளில் மனிதரிலும் பலிப்பதுபோல் தெரிந்தது. 2014-இல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது: ஒன்றில் 882 பேர், மற்றதில் 1195 பேர். மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. தோற்றதை எழுதி வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பிடித்தது. எங்கள் ஓலைகளில் தோற்றவன் ஒருவனும் இல்லை. நடந்து போனவர்களை அப்பா ஊர்ப்பெயரோடு சொல்வார். மற்றவர்களைப் பற்றி அம்மாதான் சொல்வாள், அதுவும் அவர் இல்லாதபோது.

இப்போது வர்மத்துக்குப் பாடப்புத்தகம் உண்டு, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி உண்டு. பனையேற ஆளில்லை, பைக்கிலிருந்து விழுகிறவர்கள் நிறைய. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு, எண்ணெய் கேட்டு இன்னும் என்னிடம் வருகிறார்கள். சோர்வு என்று சொன்னால், டாக்டரிடம் கேட்டு காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசாலுக்கு ரத்தம் கொடுங்கள், தைராய்டும் பாருங்கள் என்பேன். இரண்டும் குறைந்திருந்தால் முதலில் கார்ட்டிசாலைத்தான் ஈடுகட்ட வேண்டும். தைராய்டு மாத்திரையை மட்டும் முந்திக் கொடுத்தால் ஆபத்து. சிலர் போய்ப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் "எண்ணெய் எவ்வளவு மைனி?" என்கிறார்கள்.