டீக்கடை பெஞ்சும் ஒரு கண்ணாடி கிளாஸும்

போன சீசனுக்கு ஆபீஸ்ல கூட வேலை பார்க்குறவர் ஒருத்தர் குடும்பத்தோட குற்றாலம் கிளம்பினார். "உங்க ஊர் வழியாத்தானே போறேன், எங்கெங்க சாப்பிடலாம்னு ஒரு லிஸ்ட் குடுங்க"ன்னு கேட்டார். நமக்கு சொந்த ஊர் தேவதானம். ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற வழியில, சேத்தூரை ஒட்டி இருக்கு. நச்சாடை தவிர்த்தவர் கோயில்னா பக்திமான்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு "ராஜபாளையம் நாய் தெரியும்ல, அதுக்குப் பக்கம்"னு சொல்லிப் புரிய வைக்கணும் :-)

கோடிங்ல பக் வந்தாகூட நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடுற ஆளு நான். சாப்பாட்டு லிஸ்ட்னதும் ராத்திரியே உட்கார்ந்து எழுதிட்டேன்.

ஒண்ணு, கொஞ்சம் சுத்தினாலும் பரவாயில்லன்னா விருதுநகர் எண்ணெய் பரோட்டா. கல்லுல சுடாம எண்ணெயில பொரிச்சு எடுப்பாங்க. மொறுமொறுன்னு இருக்கும்போதே பிச்சுப்போட்டு சால்னாவை ஊத்திடணும்.

ரெண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பாலும் சர்க்கரையும் தவிர வேற எதுவும் கிடையாது. மீதி எல்லாம் அடுப்புச் சூடும், விடாம கிண்டுற கையும்தான். 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஊர்க்காரங்க அதுக்கு முன்னாடியே "ஒரிஜினல்" போர்டு வச்சிட்டாங்கங்கிறது வேற விஷயம்.

மூணு, ராஜபாளையத்துல ராத்திரிக் கடைகள். 1936-ல ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சது, அதைத் தொடர்ந்து வரிசையா பஞ்சாலைகள். ஷிப்ட் முடிஞ்சு வர்றவனுக்கு ராத்திரியும் பசிக்கும்ல? மில்லு இருக்குற ஊர்ல அடுப்பு சீக்கிரம் அணையாது.

நாலு, செங்கோட்டைக்கு முன்னால பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் நாட்டுக்கோழியும். கேரளா பார்டர் புளியரை தாண்டித்தானே இருக்கு, இங்க ஏன் பார்டர்னு பேருன்னு நிறைய பேர் கேட்பாங்க. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரிச்சப்போ நம்ம பக்கம் வந்துருச்சு. கோடு நகர்ந்து போயிருச்சு, பேரு மட்டும் பரோட்டாக் கல்லுல ஒட்டிக்கிட்டு நிக்குது.

அஞ்சு, ஊர்ப்பக்கம் இருக்குற ஒரு டீக்கடை. பேரு வேண்டாம். மர பெஞ்சு, காலையில தினத்தந்தி, வாழைக்காய் பஜ்ஜி, கண்ணாடி கிளாஸ்ல நுரை தளும்ப டீ. தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு போய் உட்கார்ந்த பெஞ்சு அது. இதைப் பத்தி மட்டும் ஒரு பத்தி உருகி உருகி எழுதியிருந்தேன்.

சரி பார்க்கச் சொல்லி பள்ளிக்கூட நண்பன் ஒருத்தனுக்கு அனுப்பினேன். எட்டாப்புல இருந்து ஒண்ணா சைக்கிள்ல போனவன். பத்து நிமிஷத்துல போன் பண்ணினான்.

"எல்லாம் சரிதான் மாப்ள. அஞ்சாவதுதான்... நான் அந்த பெஞ்சுல உட்கார்ந்ததே இல்லடா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் விஷயமே. தெரியும், ஆனா ஞாபகத்துல இல்ல. நாங்க ரெண்டு பேரும் அந்தக் கடைக்குப் போயிருக்கோம். எனக்குக் கண்ணாடி கிளாஸ், அவனுக்கு பிளாஸ்டிக் கப். நான் பெஞ்சுல, அவன் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு வெளிய. "அவனுக்கு பிளாஸ்டிக் கப்புதான் பிடிக்கும் போல"ன்னு அந்த வயசுல நினைச்சேன்னு சொன்னா நம்புவீங்களா? நானே இப்ப நம்பல.

அதுக்கப்புறம்தான் இந்த ஓட்டல் விவகாரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். ஆ.இரா. வேங்கடாசலபதியோட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) படிச்சிருக்கீங்களா? காப்பிங்கிறது வெறும் பானமா வரல, அந்தஸ்தோட சேர்ந்து வந்ததுன்னு அதுல புரியும். காப்பி கிளப்புகள் வந்தப்போ யார் உள்ளே, யார் வெளியேங்கிற கேள்வியும் கூடவே வந்துச்சு. டீ கதை வேற. 1930-கள்ல தேயிலைக்காரங்க ஊர் ஊரா போய் டீ போட்டுக் காட்டி, சும்மாவே குடுத்துப் பழக்கினாங்க. உழைக்கிற ஜனத்தோட பானமா அது ஆயிருச்சு. ஆனா உழைக்கிற ஜனமும் ஒரே கிளாஸ்ல குடிக்கலைங்கிறதுதான் சோகம்.

ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறதுக்காக நம்ம ஊர்ப்பக்கமே பெரிய சண்டை நடந்திருக்கு. திருநெல்வேலிச் சீமையில சேரன்மாதேவி குருகுலம். நடத்தினவர் வ.வே.சு. ஐயர், சாதாரண ஆள் இல்ல, பெரிய தேசபக்தர். காங்கிரஸும் பணம் குடுத்துச்சு. ஆனா பிராமணப் பையன்களுக்குத் தனியா சாப்பாடு. 1924-25-ல இது வெடிச்சுது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்னாங்க. தமிழ்நாட்டு அரசியலே திசை மாறினதுல ஒரு பந்திக்கும் பங்கு உண்டு.

ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு ரூம்லயும் பிராமணாளுக்குத் தனி இடம் இருந்துச்சு. 1941-லதான் அதை எடுத்தாங்க. விருதுநகர்-தென்காசி ரயில் பாதை திறந்தது 1927-ல. அப்படின்னா நம்ம பாட்டன் பூட்டன் ஏறின ரயில்ல எல்லாரும் ஒரே வண்டி, இறங்கிச் சாப்பிடுற இடத்துல வேற வேற வரிசை!

1950-ல அரசியல் சட்டம் வந்துச்சு. 15-வது பிரிவுல கடை, ஓட்டல்னு பேர் சொல்லியே யாரையும் தடுக்கக் கூடாதுன்னு எழுதினாங்க. 1955-ல தீண்டாமைக் குற்றச் சட்டம். இதைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதோட 4-வது பிரிவு ஓட்டலுக்குள்ள போறதை மட்டும் சொல்லல, ஓட்டல்ல பொதுவா வச்சிருக்குற பாத்திரத்தைத் தொடக் கூடாதுன்னு தடுத்தாலும் குற்றம்னு சொல்லுது. பாத்திரம்னு போட்டிருக்காங்க! பார்லிமெண்ட்ல உட்கார்ந்து டம்ளருக்கு சட்டம் போட வேண்டிய நிலைமையில இருந்திருக்கு இந்த நாடு.

அப்புறமும் 1957-ல திருவல்லிக்கேணி முரளி கஃபே போர்டுல இருந்த 'பிராமணாள்'ங்கிற வார்த்தையை எடுக்கச் சொல்லி திராவிடர் கழகம் மறியல் பண்ணுச்சு. மாசக்கணக்கா நாளுக்கொரு கோஷ்டி போய் கைதாகி, 1958-லதான் அந்த வார்த்தை இறங்குச்சு.

ஆனா ஒண்ணு பாருங்க. மேல இருந்த போர்டை இறக்கினவங்களோட பேரப்பிள்ளைகள்ல எத்தனை பேர் அவங்க ஊர் டீக்கடையில இருந்த ரெண்டாவது டம்ளரைக் கேட்டாங்க? நான் கேட்கல. நமக்கு மேல இருக்கவனைக் கேள்வி கேட்க நல்லா வருது. நம்ம உட்கார்ந்திருக்குற பெஞ்சைக் கேள்வி கேட்க வரமாட்டேங்குது. பிளாஸ்டிக் கப்பு இந்த விஷயத்துல பலே கில்லாடி. சிரட்டைன்னா அசிங்கமாத் தெரியும். யூஸ் அண்ட் த்ரோன்னா சுகாதாரம்னு பேர் வாங்கிடும். 2019 ஜனவரியில தமிழ்நாட்டுல அந்தக் கப்பைத் தடை பண்ணினாங்க, சுற்றுச்சூழலுக்காக.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ தாத்தாகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்பல்லாம் அப்படித்தான்யா. அவுக டம்ளரை அவுகளே கழுவி வச்சிட்டுப் போவாக"ன்னார். குரல்ல வருத்தமா, சமாதானமான்னு எனக்குப் பிடிபடல. மேல கேட்கவும் தைரியம் வரல.

கடையில இப்ப பையன் நிக்கிறார். எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான். நண்பனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். "உட்காருடா"ன்னேன். "பரவாயில்ல மாப்ள, நின்னே குடிச்சுப் பழகிருச்சு"ன்னு சிரிச்சான். எனக்கு டீ இறங்கல.

"சரி, உன் லிஸ்ட்ல அஞ்சாவது எது?"ன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல.

"ராஜபாளையம் ஸ்டேஷன் டீ. டேஸ்ட்டு சுமார்தான். ஆனா எந்தத் தெருன்னு யாரும் கேட்கமாட்டாங்க."

ஆபீஸ் நண்பருக்கு லிஸ்ட் போயிருச்சு, அவரும் போயிட்டு வந்துட்டார். பார்டர் பரோட்டா அட்டகாசம்னார். "ஆமா, அஞ்சாவதா ரயில்வே ஸ்டேஷன் டீன்னு போட்டிருந்தீங்களே, குடிச்சேன், தண்ணியா இருந்துச்சே பாஸ்?"

தண்ணியாத்தான் இருக்கும் பாஸ். காரணம் சொல்ல ஒரு டீ நேரம் பத்தாது. அதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: பால்கோவா பார்சல் அனுப்பச் சொல்லிக் கேட்கும் அன்பர்கள் தயவுசெய்து க்யூவில் வரவும். க்யூ ஒண்ணே ஒண்ணுதான்.